புது எஞ்சினைப் பழக்குவது எப்படி? ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் அறிய வேண்டியவை

சிங்கப்பூரில் பலருக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு கார்தான். அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சொல்லவே வேண்டாம். சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள். மலேசியாவில் இறக்குமதி வரியும் கலால் வரியும் சேர்ந்து இத்தகைய கார்களின் விலையை வெகுவாக உயர்த்திவிடுகின்றன. அதனால் ஜப்பானிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வரும் ‘ரிகோண்ட்’ கார்களைப் பலர் நாடுகின்றனர்.

இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய காரின் எஞ்சின் இடையில் பழுதானால் இழப்பு சிறியதல்ல. ஆகவேதான் உயர்வேகக் கார் உரிமையாளர்கள் கூடும் இடங்களில் இரண்டு கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. புது எஞ்சினை முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு எப்படி ஓட்ட வேண்டும்? முதல் உரிமையாளர் அதைச் சரியாகச் செய்யாவிட்டால் பிறகு வாங்குபவர் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்குமா?

எஞ்சினைப் பழக்குவது முக்கியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், பேரளவில் பேசப்பட்ட எஞ்சின் பழுதுகள் பலவற்றுக்கு ஓட்டுநரின் கால் காரணமாக இருக்கவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் வீண் பயமும் வீண் செலவும் குறையும்.

பழக்குதல் என்றால் என்ன?

வண்டி மாட்டை நுகத்துக்குப் பழக்குவதுபோல, புது எஞ்சினின் பாகங்களை ஒன்றோடொன்று இணங்கச் செய்வதே பழக்குதல். பட்டறைகளில் இதை ‘ரன்னிங் இன்’ என்பார்கள்.

இதில் முதன்மையானது பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள உறவு. சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்காது. தொழிற்சாலையிலேயே அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகளை இழைத்திருப்பார்கள். அந்தக் கோடுகளில் எண்ணெய் தங்கும். கோடுகளின் கூர்மையான விளிம்புகளில் வளையங்கள் உரசி உரசி இரண்டும் பொருந்திக்கொள்ளும். அப்படிப் பொருந்திய பிறகுதான் எரிவாயுவின் அழுத்தம் கீழே கசியாமல் முழுமையாகப் பிஸ்டனைத் தள்ளும். எண்ணெயும் மேலே ஏறி எரியாது.

வளையங்கள் சரியாகப் பொருந்தாமல், கோடுகள் மழுங்கிச் சுவர் பளபளப்பாகிவிட்டால் எஞ்சின் காலம் முழுதும் எண்ணெய் குடிக்கும். பழக்கும் காலத்தில் நேரக்கூடிய முக்கியத் தீங்கு இதுதான்.

கியர்பெட்டி, பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியல், பிரேக் தகடுகள், டயர் ஆகியவற்றுக்கும் சிறிது கால அவகாசம் தேவை. புது டயரின் மேற்பரப்பு தேயும்வரை அதன் பிடிப்பு குறைவாகவே இருக்கும். நிறுவனங்கள் சொல்லும் கிலோமீட்டர் கணக்கு எஞ்சினுக்கு மட்டுமல்ல, முழு வாகனத்துக்கும் சேர்த்தது.

கிராங்க் தண்டின் பேரிங்குகள் மட்டும் வேறு வகை. அவை எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழலும்படி வடிவமைக்கப்பட்டவை. உலோகமும் உலோகமும் தொடவே கூடாது. அதனால் அவை வளையங்களைப்போல உரசிப் பொருந்துவதில்லை. அவற்றைக் காப்பது சுத்தமான, போதுமான அளவு சூடேறிய எண்ணெய்தான்.

நிறுவனங்கள் சொல்லும் கணக்கு

பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் எம்3 போன்ற ‘எம்’ வகைக் கார்களுக்கு முதல் 2,000 கிலோமீட்டர்வரை பழக்கும் காலம். அதுவரை எஞ்சினின் சுழற்சி நிமிடத்துக்கு 5,500ஐயும் வேகம் மணிக்கு 170 கிலோமீட்டரையும் தாண்டக்கூடாது என்பது நெடுங்கால அறிவுரை. அந்தத் தூரத்தை எட்டியதும் காரைப் பட்டறைக்குக் கொண்டுசென்று எஞ்சின் எண்ணெயையும் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் மாற்ற வேண்டும். சாதாரண பிஎம்டபிள்யூ கார்களுக்கு இந்த முதல் பராமரிப்பு இல்லை. இரண்டையும் ஒன்றென நினைத்து அதைத் தவறவிட்டவர்கள் உண்டு.

போர்ஷ நிறுவனம் முதல் 3,000 கிலோமீட்டரை அவகாசமாகத் தருகிறது. பொதுவாக நிமிடத்துக்கு 4,000 சுழற்சியை ஒட்டி ஓட்டச் சொல்கிறது. அமெரிக்காவின் கார்வெட் காருக்கு முதல் 500 மைல், அதாவது ஏறத்தாழ 800 கிலோமீட்டர் முக்கியமானது.

ஹோண்டாவின் இரண்டாம் தலைமுறை என்எஸ்எக்ஸ் வேறு வழியில் சென்றது. ஓஹாயோ மாநிலத்தின் அன்னா நகரத் தொழிற்சாலையில் ஒவ்வோர் எஞ்சினையும் ஒரு கைதேர்ந்த தொழில்நுட்பர் கையால் பூட்டினார். பிறகு அதைச் சோதனை மேடையில் 45 நிமிடம் இயக்கி, 150 மைல் ஓடியதற்கு இணையாகப் பழக்கிய பின்னரே காரில் பொருத்தினார்கள். உரிமையாளர் செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியைத் தொழிற்சாலையே செய்துவிட்டது.

நிஸான் ஜிடி-ஆர் எஞ்சினையும் யோக்கஹாமாவில் ‘தக்குமி’ என்றழைக்கப்படும் மூத்த கைவினைஞர்களே பூட்டினார்கள். பூட்டியவரின் பெயர்த்தகடு எஞ்சினிலேயே இருக்கும். அதன் சிலிண்டர் சுவரில் தனி இரும்பு உறை கிடையாது. பிளாஸ்மா முறையில் தெளித்த மெல்லிய உலோகப் பூச்சுதான் இருக்கிறது.

இப்படிச் சுவரின் தன்மை, வளையத்தின் உலோகம், எண்ணெயின் வகை ஆகியவை எஞ்சினுக்கு எஞ்சின் மாறுவதால், ஒரு காருக்குச் சொன்னது மற்றொரு காருக்குப் பொருந்தாது. நண்பர் சொன்னதைவிடக் காருடன் வந்த கையேடு சொல்வதே முதன்மையானது.

மென்மையாகவா, கடுமையாகவா?

புது எஞ்சினை அழுத்தி ஓட்டினால்தான் வளையங்கள் நன்றாகப் பொருந்தும் என்று சொல்வோர் உண்டு. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கண்ணாடிப் பாத்திரம்போல் கையாள வேண்டும் என்போரும் உண்டு. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

வளையத்தைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த நெகிழ்விசை மட்டுமன்று. எரிவாயுவின் அழுத்தமும் வளையத்தின் பின்புறம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஆகவே, எப்போதும் மிக இலேசாக மட்டுமே ஓட்டினால் பொருத்தம் தாமதமாகலாம். அதே வேளையில், புதுப் பரப்புகள் உரசும் இடங்களில் வெப்பம் அதிகம். முதல் நாளிலேயே முழு விசையும் கொடுத்தால் அந்தச் சூடு எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து உலோகத்தைக் கீறலாம்.

அதனால்தான் பெரும்பாலான கையேடுகள் நடுவழியைச் சொல்கின்றன: எண்ணெய் சூடேறிய பிறகு, வேகத்தையும் சுழற்சியையும் மாற்றி மாற்றி, மிதமான விசையுடன் ஓட்டுங்கள், முழு விசையையும் சிவப்புக் கோட்டையும் தவிருங்கள், தாழ்ந்த சுழற்சியில் உயர்ந்த கியரைப் போட்டு எஞ்சினைத் திணறவிடாதீர்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் கவனிப்பதில்லை. மெதுவாக ஓட்டுகிறோம் என்ற நினைப்பில் ஆறாவது கியரில் மேட்டில் ஏறினால், பேரிங்குகளின் மேல் விழும் சுமை கூடுமே தவிர குறையாது.

நம் சாலைகளில் என்ன செய்வது?

சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110. ஆகவே மணிக்கு 170 கிலோமீட்டர் என்ற தடை இங்கு யாரையும் கட்டுப்படுத்தப் போவதில்லை. நம் சூழலில் சிக்கல் வேறு.

முதலாவது, ஒரே வேகத்தில் நெடுந்தூரம் செல்வது. ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர்வரை வேகத்தைத் தானாகக் கட்டிக்காக்கும் குரூஸ் கட்டுப்பாட்டைப் போட்டுச் சென்றால் கிலோமீட்டர் கூடும்; எஞ்சின் பழகாது. தானியங்கிக் கியர் கொண்ட காரிலும் கைமுறை நிலைக்கு மாற்றி, கியரை ஏற்றி இறக்கி, சுழற்சியை 2,500க்கும் 4,000க்கும் இடையே மாற்றிக்கொண்டே செல்வது பயனளிக்கும்.

இரண்டாவது, நின்றுகொண்டே ஓடும் எஞ்சின். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்பதும் எஞ்சினுக்கு வேலைதான். ஆனால், அந்த நேரம் கிலோமீட்டர் கணக்கில் சேராது. நெரிசலில் அதிகம் ஓடும் காருக்கு எண்ணெய் மாற்றும் இடைவெளியைத் தூரத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியாகாது.

மூன்றாவது, குறுகிய பயணங்கள். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் அலுவலகம் சென்றுவிட்டால் எண்ணெய் முழுச் சூட்டை எட்டாது. எரியாத பெட்ரோலும் ஈரமும் எண்ணெயில் தங்கிவிடும்.

தட்பவெப்பம் சூடாக இருப்பதால் எஞ்சினைச் சூடேற்ற வேண்டியதில்லை என்று எண்ணுவதும் சரியன்று. குளிர்விக்கும் நீர் முதலில் சூடாகும். எண்ணெய் அதற்குப் பின்னால்தான் வரும். நீரின் முள் நடுவில் நிற்பதைக் கண்டதும் விசையை அழுத்துவது பரவலான பழக்கம். பிஎம்டபிள்யூ எம்3 காரில் சுழற்சிமானியைச் சுற்றியுள்ள விளக்குகள் எண்ணெய் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். எந்தச் சுழற்சிவரை செல்லலாம் என்பதை அவையே சொல்லிவிடும். எண்ணெய் வெப்பமானி உள்ள கார்களில் அதைப் பார்த்து ஓட்டுவதே பாதுகாப்பு.

பெயர்பெற்ற மூன்று பழுதுகள்

நம்பகத்தன்மை பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய மூன்று கதைகள் போதும்.

முதலாவது போர்ஷ காரின் இடைத்தண்டுப் பேரிங். பட்டறை வழக்கில் ‘ஐஎம்எஸ்’ என்பார்கள். 1990களின் இறுதியிலிருந்து 2008வரை வந்த பாக்ஸ்டர், சாதாரண 911 கார்களின் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் சங்கிலிகளைச் சுழற்ற ஓர் இடைத்தண்டு இருந்தது. அதன் முனையில் மூடிய பந்துப் பேரிங் ஒன்று. அது உடைந்தால் வால்வுகளின் நேரம் தவறி, அவை பிஸ்டனில் மோதி, எஞ்சின் முழுவதும் பாழாகும். 2001 முதல் 2005வரை தயாரான கார்கள் தொடர்பில் அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2013ல் இணக்கத்தில் முடிந்தது. 2009ஆம் ஆண்டு மாடலுக்கு வந்த புதிய எஞ்சினில் அந்த இடைத்தண்டே இல்லை. அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 ஆகியவற்றில் வேறு வகை எஞ்சின் இருந்ததால் இந்தச் சிக்கல் அவற்றுக்கு இல்லை.

இரண்டாவது பிஎம்டபிள்யூ எம்3. 2001 முதல் 2003வரை தயாரான கார்களின் எஸ்54 எஞ்சினில், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகள் தேய்ந்து பழுதாகின. நிறுவனம் கார்களை அழைத்துப் பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தது. அமெரிக்காவில் எஞ்சினுக்கான உத்தரவாதத்தை 6 ஆண்டு அல்லது 100,000 மைலாக நீட்டித்தது. அடுத்து 2007ல் வந்த எம்3 காரின் வி8 எஞ்சினான எஸ்65 தொடர்பிலும் அதே பேரிங் பேச்சு எழுந்தது. அதற்கு நிறுவனம் திரும்பப் பெறும் அறிவிப்பு எதையும் விடுக்கவில்லை. பேரிங்குக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு என்பது ஒரு தரப்பு. கெட்டியான 10டபிள்யூ-60 எண்ணெயைச் சூடாகும் முன்பே விரட்டுவதுதான் காரணம் என்பது மற்றொரு தரப்பு. விவாதம் முடியவில்லை. பல உரிமையாளர்கள் பழுதாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே அவற்றை மாற்றிவிடுகின்றனர்.

மூன்றாவது போர்ஷ 911 ஜிடி3. நிமிடத்துக்கு 9,000 சுழற்சிவரை செல்லும் 3.8 லிட்டர் எஞ்சினுடன் வந்த அந்த 2014 மாடல் காரில் இரண்டு தீப்பிடித்தன. கனெக்டிங் ராடின் திருகு தளர்ந்து, ராடு எஞ்சின் உடலை உடைத்து, கசிந்த எண்ணெய் தீப்பற்றியதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. காரை ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்ட நிறுவனம், 2014 மார்ச்சில் 785 கார்களுக்கும் புது எஞ்சினே பொருத்தித் தர முடிவு செய்தது. பின்னர் அதே வகை எஞ்சின்கள் சிலவற்றில் வால்வை இயக்கும் சிறு நெம்புகள் தேய்வது தெரியவந்தபோது, அமெரிக்காவில் உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 120,000 மைலாக உயர்த்தியது.

இம்மூன்றிலும் பழுதானது பேரிங், திருகு, நெம்பு போன்ற பாகங்கள். பிஸ்டன் வளையங்கள் அல்ல. முதல் 2,000 கிலோமீட்டரை எவ்வளவு பக்குவமாக ஓட்டியிருந்தாலும் தளரும் திருகு தளர்ந்தே இருக்கும். ஆகவே எஞ்சின் பழுதானதும், “நீங்கள் சரியாகப் பழக்கவில்லை” என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எந்தப் பாகம், எப்படிப் பழுதானது என்று கேட்பது உரிமையாளரின் உரிமை.

பயன்படுத்திய கார் வாங்குவோர் பார்க்க வேண்டியவை

முதல் உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்பதை நேரில் கண்டவர் யாருமில்லை. ஆனால், சில தடயங்கள் மிஞ்சும்.

முதல் பராமரிப்புப் பதிவு: ‘எம்’ வகைக் காராக இருந்தால் 2,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றியதற்கான முத்திரை அல்லது கணினிப் பதிவு வேண்டும். ரிகோண்ட் காருக்கு ஜப்பானியப் பராமரிப்புப் புத்தகத்தையும் ஏலத் தாளையும் கேட்டு வாங்கி, இரண்டிலும் உள்ள கிலோமீட்டர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.

எஞ்சின் கணினியின் நினைவு: 997 தலைமுறை முதல் போர்ஷ கார்கள், வரம்பை மீறிய சுழற்சியை ஆறு நிலைகளாகப் பிரித்துப் பதிவு செய்கின்றன. எந்த மணி நேரத்தில் நடந்தது என்பதும் தெரியும். கீழ்நிலைப் பதிவுகள் பெரும்பாலும் கவலைக்குரியவை அல்ல. மேல்நிலைப் பதிவுகள், கைமுறைக் கியர் காரில் தவறான கியருக்கு இறங்கியதைக் காட்டலாம்.

எண்ணெய்ப் பரிசோதனை: சிறிதளவு பழைய எண்ணெயை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அதில் கலந்துள்ள உலோகங்களைச் சொல்வார்கள். ஒருமுறை பார்ப்பதைவிடத் தொடர்ந்து பார்த்து ஒப்பிடுவதே பயன் தரும். எஸ்65 எஞ்சினின் தொடக்கக்காலப் பேரிங்குகளில் ஈயம் இருந்ததால் அதன் தேய்மானம் பரிசோதனையில் தெரியும். பிற்காலப் பேரிங்குகளில் ஈயம் இல்லை. ஆகவே “ஈயம் இல்லை, எஞ்சின் நலம்” என்ற முடிவு எல்லா ஆண்டுக்கும் பொருந்தாது.

குளிர்ந்த நிலையில் இயக்கம்: காரைப் பார்க்கச் செல்லும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லலாம். முதல் சில நொடிகளில் கேட்கும் தட்டொலியும் புகைக்குழாயின் நீலப் புகையும் சூடான எஞ்சினில் மறைந்துவிடக்கூடும்.

திரும்பப் பெறும் அறிவிப்பு: காரின் அடையாள எண்ணைக் கொடுத்து, நிலுவையில் ஏதேனும் உள்ளதா என்று அதிகாரபூர்வ முகவரிடம் கேட்கலாம். முகவர் அல்லாதவர் இறக்குமதி செய்த காருக்கு உத்தரவாதத்தை யார் ஏற்பார் என்பதை எழுத்தில் பெறுவது நல்லது.

சட்டம் தரும் பாதுகாப்பு

சிங்கப்பூரில் ‘லெமன் சட்டம்’ எனப்படும் விதிகள் 2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. பழுதுபார்த்தல், மாற்றித் தருதல், விலைக் குறைப்பு, பணத்தைத் திருப்பித் தருதல் ஆகியவை தீர்வுகள். பயன்படுத்திய கார்களுக்கும் இது பொருந்தும். ஆனால், காரின் வயதும் கொடுத்த விலையும் கருத்தில் கொள்ளப்படும். தனிமனிதர் தனிமனிதருக்கு விற்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட்வரை கோரலாம். ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் ஒன்றின் விலை அதைத் தாண்டக்கூடும் என்பதால், பெரிய இழப்புக்கு நீதிமன்றமே வழி.

சிப்பாங் பந்தயத் தடத்துக்குக் காரைக் கொண்டுசெல்ல விரும்புவோர் உத்தரவாத நிபந்தனைகளையும் காப்புறுதி ஒப்பந்தத்தையும் முன்பே படிக்க வேண்டும். பந்தயத்தில் ஏற்படும் சேதத்தை இரண்டும் ஏற்காமல் போகலாம். காப்புறுதி பொதுவாக விபத்துக்கானது. எஞ்சினின் உட்பழுதுக்கானது அன்று. பழக்கும் காலம் முடிந்து, எண்ணெய் மாற்றும்வரை தடத்தில் இறங்காமல் இருப்பது எந்தக் காருக்கும் நல்லது.

கையில் இருக்க வேண்டிய ஆதாரம்

பழுது ஏற்பட்டபின் பேச்சில் வெல்வது கடினம், ஆவணத்தில் வெல்லலாம். முதல் பராமரிப்பின் ரசீது, ஒவ்வொரு முறை மாற்றிய எண்ணெயின் வகையும் அளவும், அப்போதைய கிலோமீட்டர், இடையில் ஊற்றிய எண்ணெயின் கணக்கு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருப்பது எளிது. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு எண்ணெய் குறைகிறது என்ற பதிவு இருந்தால், வளையங்கள் பொருந்திவிட்டனவா என்பதையும் அதுவே காட்டும். பழகிய எஞ்சினில் அந்த அளவு குறைந்து நிலைபெறும். கூடிக்கொண்டே போனால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் பட்டறைக்குச் செல்ல வேண்டும்.

அந்தக் கோப்பு காரை விற்கும்போதும் உதவும். வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.